விரத நாட்களில் டொஃபியின் மாத்திரை

மருந்துக் கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நான் ஓய்வு பெற்றுப் போனதும் நம் மிருக டொக்டர் கேட்டார்: "அக்கா, வாற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்களேன்." சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முருகனை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மாத்திரையை எப்படிப் பாதியாக உடைப்பது, உறையில் என்ன எழுதி ஒட்டுவது என்பதெல்லாம் ஒரு கிழமையில் கைக்கு வந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. குணக்கேடு என்று சொல்லிக் கொண்டுவரப்படும் நாய்களையும் பூனைகளையும் பற்றித்தான் சொல்ல வேண்டும். அந்த மருந்துக்கு வருகிறவர்கள் மற்றவர்கள் மாதிரி இல்லை. கால் உடைந்த நாயைத் தூக்கி வருகிறவர் அழுதுகொண்டு வருவார். இவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வருவார்கள். ஊர் சிரித்திருக்கும். "நாய்க்குமா பைத்திய மருந்து?" என்று பஸ்ஸிலேயே யாராவது கேட்டிருப்பார்கள். நீங்களும் சிரித்துவிடாதீர்கள்.

டொக்டரின் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அவரிடம் நான் வியந்த முதல் விஷயம், மருந்து எழுதுவதில் அவருக்கு இருந்த தயக்கம். ஒருமுறை கெலிஓயாவிலிருந்து ஒரு உம்மா பூனையைக் கூடையில் கொண்டுவந்தார். "தொழுற முசல்லாவுலயே போய்ப் பெய்யுது டொக்டர். வேணுமெண்டே செய்யுது. இதுட மனசு அமைதியாக ஏதாச்சும் குடுங்களேன்" என்றார். தொழும் விரிப்பு அசுத்தமானால் அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய கவலை என்று டொக்டருக்குத் தெரியும். அவரும் தொழுகிறவர்தான். ஆனாலும் மனசுக்கு மருந்து எழுதவில்லை. முதலில் சிறுநீரைப் பரிசோதித்தார். பூனையின் மூத்திரப் பையில் புண். பெய்யும்போது எரிந்ததால், தன் மண் தட்டை விட்டு மெத்தென்ற இடத்தைத் தேடியிருக்கிறது. புண் ஆறியதும் பூனை திருந்திவிட்டது.

இன்னொன்று. சாந்தப்படுத்தும் பொடி, சொட்டு மருந்து, பால் சத்தில் செய்த குளிசை என்று இப்போது போனிலேயே வாங்கிவிடுகிறார்கள். டொக்டர் அவற்றைக் கேலி செய்து நான் பார்த்ததில்லை. "சிலதுக்குக் கொஞ்சம் உதவும், சிலதுக்கு ஒண்டும் செய்யாது" என்பார். ஆனால் வேறு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்காமல் ஒரு மாத்திரையும் கவுண்டரைத் தாண்ட விடமாட்டார். இரண்டு மருந்து உள்ளே போய்ச் சண்டை பிடித்தால் பாவம் அந்த வாயில்லாத சீவன்தான். வீட்டுப் பெரியவரின் தூக்க மாத்திரையில் பாதியை நாய்க்குக் கொடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களை ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை மறைப்பார்கள்.

இனி டொஃபியின் கதை.

டொஃபி மண்ணிற நாய். தெரு நாயும் ஏதோ ஒரு சீமை நாயும் கலந்த கலவை. பிலிமத்தலாவையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குமரனின் வீட்டு நாய். குமரனின் தாய் சரஸ் அக்காதான் அதற்கு எல்லாம். எங்கள் கோயிலுக்கு வருகிறவர் என்பதால் அவரை எனக்கு முன்பே தெரியும். டொஃபிக்கு இடி, வெடி, சத்தம் எதுவும் ஆகாது. சத்தம் கேட்டதும் இரும்பு அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே போய் ஒடுங்கிக்கொள்ளும். அப்போது யாராவது கையை நீட்டினால் கவ்விவிடும். மற்ற நேரத்தில் குழந்தை மாதிரி.

டொக்டர் அதன் காது, பல், இடுப்பு எல்லாம் பார்த்து, இரத்தமும் பரிசோதித்துவிட்டு, தினமும் கொடுக்க ஒரு மாத்திரை எழுதினார். அன்று அவர் சொன்னதை நான் பிறகு எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். "இது தூங்க வைக்கிற மருந்தில்ல. இண்டைக்குக் குடுத்து நாளைக்குப் பார்க்கவும் ஏலாது. கிழமைக்கணக்காகும். இது பயத்தைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். நீங்க பழக்கிறது அதுக்குப் பொறகுதான் அவன்ட தலையில ஏறும். இடையில நிப்பாட்டக் கூடாது. அலுமாரிக்குப் பின்னால போனா இழுக்கவும் கூடாது."

சரஸ் அக்கா சொன்னபடியே செய்தார். மாத்திரையை மீன் துண்டுக்குள் வைத்துக் கொடுப்பார். டொஃபி மோந்துகூடப் பார்க்காமல் விழுங்கிவிடும். மாதங்கள் போகப் போக நல்ல மாற்றம். ஒரு நாள் பெரிய இடி இடித்தும் டொஃபி அலுமாரிப் பக்கம் போகாமல் தன் காலடியிலேயே கிடந்தது என்று சரஸ் அக்கா கவுண்டரில் நின்று கண் கலங்கச் சொன்னார்.

அதே வருடம் தீபாவளி முடிந்த கையோடு, ஒரு காலையில், குமரன் வலது கையில் கட்டோடு உள்ளே வந்தார். பின்னால் சரஸ் அக்கா. அவர் கையில் டொஃபியின் சங்கிலி. நாயின் வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

"டொக்டர், ஊசியப் போட்டு முடிச்சிருங்க" என்றார் குமரன். உட்காரக்கூட இல்லை.

டொக்டர் நாயைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா தம்பி?"

"போய்ட்டுத்தான் வர்றேன். தையல் போட்டு ஊசியும் அடிச்சாங்க. மிச்ச ஊசிக்கும் வரச் சொல்லியிருக்காங்க."

"விடாமப் போங்க. இப்ப உக்காருங்க. என்ன நடந்த?"

நடந்தது இதுதான். குமரனின் மனைவி நிரோஷா பிள்ளை பெற்றுத் தெல்தெனியவில் தாய் வீட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமை பச்சைப் பிள்ளையோடு வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அவர்கள் கிளினிக்குக்கு வந்ததற்கு முந்தின நாள் பக்கத்து வீட்டுப் பையன்கள் தீபாவளிக்கு மிஞ்சிய வெடிகளைக் கொளுத்தியிருக்கிறார்கள். டொஃபி அலுமாரிக்குப் பின்னால் ஓடியது. குமரன் கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்தார். கையைக் கிழித்துவிட்டது.

"என் கைக்குப் பரவாயில்ல டொக்டர். அந்தப் பிஞ்சுக் கை அவன் வாயில அகப்பட்டா? நான் என்னான்னு உசிரோட இருக்கிறது?" கோபமாக வந்தவர் இல்லை அவர். பயந்து வந்தவர்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். கவுண்டரில் நின்றபடி நான் நினைத்தேன்: டொக்டர் இப்போது அறிவுரை சொல்லுவார், இல்லாவிட்டால் மருந்துப் பெட்டியைத் திறப்பார் என்று. அவர் இரண்டையும் செய்யவில்லை.

"கடிச்ச நாயை உடனே கொல்லக் கூடாது, விசர்நோய் இருக்கா எண்டு உசிரோட வச்சுக் கொஞ்ச நாள் பார்க்கணும். அது உங்கட நல்லதுக்குத்தான். அதைச் சொல்லியே உங்களை நான் அனுப்பிரலாம் தம்பி. ஆனா நீங்க கேக்கிறதுக்கு அது பதில் இல்ல. இண்டைக்கு ஊசி போட வேணாமெண்டு நான் முடிவு பண்ணினா, நாளைக்கும் போடலாம். போட்ட ஊசியத் திருப்பி எடுக்க ஏலாது. எனக்குக் கொஞ்ச நேரம் தாங்க."

பிறகு சரஸ் அக்காவின் பக்கம் திரும்பினார். "இவ்வளவு நாளும் நல்லா இருந்தானே அக்கா. வீட்டுல என்ன மாறிச்சு?"

"ஒண்ணும் மாறல டொக்டர்."

"மாத்திரை?"

சரஸ் அக்கா என்னைப் பார்த்தார். அவர் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு இருந்தது. என் கையிலும் இருந்தது. கந்த சஷ்டி விரத நாட்கள் அவை. கோயிலில் சேர்ந்துதான் கட்டிக்கொண்டோம்.

"மாத்திரைய எதுல வச்சுக் குடுப்பீங்க?" டொக்டர் மெதுவாகக் கேட்டார்.

"மீன்ல."

"இந்தக் கிழமை?"

குமரன் தாயைப் பார்த்தார். "அம்மா?"

"விரதம் புடிச்ச வீட்டுக்குள்ள மீன எப்புடிடா கொண்டாறது?" சரஸ் அக்கா வெடித்துவிட்டார். "தயிர்ச் சோத்துல வச்சேன், துப்பிட்டான். இட்லில வச்சேன், இட்லியத் தின்னுட்டு மாத்திரைய மட்டும் தள்ளி வச்சுட்டான். பஞ்சாமிர்தத்துலயும் வச்சுப் பார்த்தேன்."

டொக்டர் எழுந்தே விட்டார். "பஞ்சாமிர்தமா? ப்ளம்ஸ் போட்டதா? தின்டானா?"

"இல்ல டொக்டர். மோந்து பார்த்துட்டு மூஞ்சத் திருப்பிக்கிட்டான்."

"அல்ஹம்துலில்லாஹ். அக்கா, அந்த ப்ளம்ஸ், காஞ்ச திராட்சை, நாய்க்கு நஞ்சு. சிறுநீரகத்தையே கெடுத்துப்போடும். இனி ஒருநாளும் வேணாம்."

"சாமி பிரசாதமாச்சேன்னு..." சரஸ் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

குமரனுக்குத் தாங்கவில்லை. "நாயி மருந்த நிப்பாட்டிட்டு அப்புடி என்னம்மா விரதம்? யாருக்கு?"

"இவனுக்குத்தான்டா!" சரஸ் அக்கா சங்கிலியை உயர்த்திக் காட்டினார். "புள்ள வீட்டுக்கு வருது, இவன் யாரையும் கடிக்காம இருக்கணும், இவனை யாரும் துரத்தாம இருக்கணும்னுதான் முருகன்கிட்ட நேர்ந்துக்கிட்டேன். தண்ணியும் பாலுமா கெடக்கிறேன், தெரியாதா உனக்கு?"

வேறு ஒருவராக இருந்தால் அந்த இடத்தில் சிரித்திருப்பார், அல்லது தலையில் அடித்துக்கொண்டிருப்பார். நாய்க்காகப் பிடித்த விரதமே நாயின் மருந்தை நிறுத்திவிட்டது. அதை ஒரு வார்த்தையில் சொல்லி அந்தத் தாயைக் கூனிக்குறுக வைத்திருக்கலாம்.

டொக்டர் தன் கதிரையைச் சரஸ் அக்காவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாங்களும் நோன்பு புடிக்கிற ஆக்கள்தான் அக்கா. எனக்கு வெளங்குது. எங்கட நோன்புல நோயாளிக்கு விலக்கு இருக்கு. உங்கட விரதத்துல எப்படி?"

"நோயாளி சாப்புடலாம் டொக்டர். மருந்துக்குத் தடையே இல்ல."

"அப்ப டொஃபி யாரு?"

சரஸ் அக்கா நாயைப் பார்த்தார். "நோயாளிதான்" என்றார். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. பிறகு என்னிடம், "லெச்சுமி, எனக்குக் குத்தம் வந்துருமா?" என்று கேட்டார்.

எனக்குப் பெரிய ஞானமெல்லாம் இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். "நோயாளிக்கு மருந்து குடுத்தா முருகன் கோவிக்க மாட்டாரு அக்கா. உங்க விரதம் உங்களோடது. அவனை ஏன் விரதம் புடிக்க வைக்கிறீங்க?" அழுகையோடு அழுகையாக அவர் சிரித்துவிட்டார்.

ஆனால் குமரன் சிரிக்கவில்லை. அது நியாயம்தான். "சரி டொக்டர், மாத்திரை விட்டதாலதான்னு வச்சுக்குவோம். திரும்பக் குடுத்தா கடிக்க மாட்டான்னு நீங்க சத்தியம் பண்ணுவீங்களா?"

"மாட்டேன்" என்றார் டொக்டர், உடனே. "எந்த நாய்க்கும் நான் அந்தச் சத்தியம் பண்ண மாட்டேன். மருந்து தின்டாலும் புள்ளையையும் நாயையும் ஒரே இடத்துல விட ஏலாது. நடுவுல கதவு வேணும், பெரிய ஆள் ஒராள் வேணும். அது ஏலாத வீடெண்டா இவனுக்கு வேற வீடு பார்க்கணும். அதுவும் சரிவராட்டி, நீங்க கேட்ட ஊசிய நானே போடுவேன், உங்களைக் குத்தம் சொல்லாம. சரி, புள்ளட உம்மா என்ன சொல்றா?"

"அவகிட்ட இன்னும் சொல்லல. பயந்துருவா."

"அவட புள்ள, அவட வீடு, அவ சோறு போட்ட நாய். அவகிட்டக் கேக்காம நான் எந்த முடிவும் எடுக்க மாட்டேன். எடுங்க போனை."

குமரன் இடது கையால் தட்டுத் தடுமாறி எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். நடந்ததை டொக்டரே சொன்னார், எதையும் குறைக்காமல். நிரோஷா முழுவதையும் கேட்டாள். அவளுடைய முதல் கேள்வி புருஷனுக்கு.

"ஏங்க, இழுக்காதீங்கன்னு டொக்டர் சொன்னாங்கதானே? உங்களுக்கு என்ன, காதுல பஞ்சா?"

"அது... சத்தம் போட்டான்னு..."

"அவன் சத்தம் போட்டான்னு நீங்க கைய விட்டீங்களாக்கும்." பிறகு டொக்டரிடம் பேசினாள். "டொக்டர், எனக்கும் அவன்மேல உசிருதான். ஆனா புள்ளயத் தூக்கிட்டு நான் வெள்ளிக்கெழம வர மாட்டேன். இங்கயே அம்மாகிட்ட இருக்கேன். நீங்க மருந்து குடுங்க. நல்லாயிட்டான்னு நான் ஒரு தடவ என் கண்ணால பார்க்கணும். பார்த்தா வர்றேன். இல்லாட்டி அவன் அங்க இருக்க ஏலாது."

"அது நல்ல முடிவு மகள்" என்றார் டொக்டர். அவர் முகத்தில் அவ்வளவு மரியாதையை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிள்ளைகளே, அதுவரை அந்த அறையில் தாய் அழுதார், மகன் நடுங்கினார். யாருடைய குழந்தைக்காக எல்லோரும் தவித்தார்களோ, அவளிடம் யாரும் கேட்கவில்லை. டொக்டருக்கு அது தோன்றியது. மருந்தும் ஊசியும் அலுமாரியில் தயாராக இருக்கும்போது, நாம் இன்னும் யாரிடம் கேட்கவில்லை என்று யோசிக்கிற புத்தியை ஆண்டவன் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும்.

விரதம் முடியும்வரை டொஃபி கிளினிக்கிலேயே தங்கட்டும் என்று டொக்டர் சொன்னார். மாத்திரையையும் பழைய அளவில் ஒரேயடியாகக் கொடுக்காமல், குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்கினார். பகல் ஆனதும் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, மீன் துண்டை எடுத்து, குழம்பும் வெங்காயமும் போகக் குழாயில் கழுவினார். நான் உதவிக்கு எழுந்து போனேன்.

"நீங்க வராதீங்க லெச்சுமி அக்கா. நீங்களும் விரதம். மீன் வாடை என்னோட போகட்டும்."

முள்ளைத் தானே எடுத்து, மாத்திரையை வைத்து, தரையில் உட்கார்ந்து கொடுத்தார். டொஃபி ஒரே விழுங்கு. டொக்டர் அன்று வெறும் பருப்புச் சோறுதான் சாப்பிட்டார். நாங்கள் வேலை செய்த அத்தனை காலத்திலும் இதைப் பற்றி ஒரு பேச்சு அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

விரதம் முடிந்து நாயைக் கூட்டிப்போக வந்த சரஸ் அக்காவுக்கு டொக்டர் ஒரு வழி பழக்கிக் கொடுத்தார். விரதமானாலும் இல்லாவிட்டாலும் அந்த வீட்டுக்குள் வரக்கூடிய ஒரு சாப்பாட்டில் மாத்திரை போக வேண்டும். அவித்த வத்தாளங்கிழங்கு, அதாவது சர்க்கரைவள்ளி. முதலில் கொஞ்ச நாள் மாத்திரை இல்லாத வெறும் உருண்டை. கிழங்கின் மேல் நம்பிக்கை வந்த பிறகு, வெறும் உருண்டைகளுக்கு நடுவே மாத்திரை உருண்டை. அடுத்த உருண்டை எப்போது வரும் என்ற அவசரத்தில் டொஃபி எதையும் ஆராயாது. "என்னைய மாதிரியே சாமி பக்திக்காரனாயிட்டான், சைவம்தான் கேக்கிறான்" என்று சரஸ் அக்கா கோயிலில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

குமரனும் வேலை செய்தார். வீட்டுக்கு நடுவே கம்பிக் கதவு போட்டார். அலுமாரிக்குப் பின்னால் இருந்த இடைவெளியைப் பலகையால் அடைத்து, அதற்குப் பதிலாக ஒரு திறந்த கூட்டில் பாய் விரித்து, சத்தம் கேட்டால் அங்கே போகப் பழக்கினார். கையை நீட்டாமல் இருக்கத் தன்னையும் பழக்கிக்கொண்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது என்று சொன்னார்.

சில மாதங்கள் கழித்து நிரோஷா கிளினிக்குக்கு வந்தாள். பிள்ளையை வெளியே த்ரீவீலில் மாமியாரின் மடியில் கொடுத்துவிட்டுத் தனியாக உள்ளே வந்தாள். குமரன் டொஃபியோடு ஏற்கனவே அறையில் இருந்தார். வீட்டுக் கூட்டையும் கொண்டுவந்திருந்தார். டொஃபி அவளைக் கண்டு உடம்பெல்லாம் ஆட்டியது. அவள் தடவிக் கொடுக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று பின்னேரம் ஹந்தானை மலைப் பக்கம் வானம் கறுத்து, நாங்கள் யாரும் எதிர்பாராமல் ஒரு இடி விழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டொஃபி துள்ளி எழுந்தது. உடம்பு நடுங்கியது. குமரனின் கை தன்னால் முன்னால் போனது. போன கையை அவர் இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாய் அவர் கையைப் பார்த்தது. கூட்டைப் பார்த்தது. பிறகு நடந்து போய்க் கூட்டுக்குள் படுத்துக்கொண்டது. அடுத்த இடிக்கு அது தலையைத் தூக்கியதே தவிர எழும்பவில்லை. குமரன் ஒரு கிழங்கு உருண்டையைக் கூட்டின் வாசலில் வைத்தார். கொஞ்சம் பொறுத்து நாக்கு மட்டும் வெளியே வந்து அதை எடுத்துக்கொண்டது.

"பயம் இன்னும் இருக்கு டொக்டர்" என்றாள் நிரோஷா.

"இருக்கு. முழுசாப் போகுமெண்டு நான் சொல்ல மாட்டேன்."

"ஆனா ஒதுங்கிப் போனான்."

"ஓ. ஒதுங்கிப் போனான்."

நிரோஷா எழுந்தாள். "அப்ப கம்பிக் கதவு எப்பவும் பூட்டியே இருக்கணும். தொறக்கிறதா இருந்தா நான்தான் தொறப்பேன். மாமியும் இல்ல, நீங்களும் இல்ல. வெளங்குச்சா?"

"சரி" என்றார் குமரன்.

"போய் இன்னொரு த்ரீவீல் கூப்புடுங்க. புள்ளையோட இவன ஏத்த மாட்டேன்."

மழை தொடங்குவதற்குள் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். முன் வண்டியில் நிரோஷாவும் பிள்ளையும் சரஸ் அக்காவும். பின் வண்டியில் குமரன், அவர் காலடியில் டொஃபி. டொக்டர் வாசலில் நின்று, இரண்டாவது வண்டியும் வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.